அப்பாவின் வண்டிக்கு அம்மா இழுத்த ஒயர்

அன்பு அண்ணாவுக்கு,

அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லத் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீயும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுகிறாய் என்ற நினைப்பில்தான் இந்த வீட்டில் பொழுது விடிகிறது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. அப்பாவுக்குத் தோள் சரியாக இருக்கிறது, கைதான் நீளம். மடித்து விட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கழற்றவே இல்லை, இங்கே அடிக்கிற வெயிலுக்கு இது என்ன வேஷம் என்று அம்மா கேட்டதற்கு, பையன் வாங்கிக் கொடுத்தால் வேர்க்காது என்கிறார். சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரி செய்தாகிவிட்டது. மாடிப் படிக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது, நான்தான் அடித்தேன், அதனால் கைப்பிடியை யாரும் உற்றுப் பார்க்காமல் இருந்தால் நல்லது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம் என்பாய். அப்பா போனில் பேசுவது உனக்குத் தெரியும், ம், சரி, வைக்கிறேன், அவ்வளவுதான். அம்மா பேசினால் பாதியில் போனை என் கையில் கொடுத்துவிடுவாள். நான் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்று நீயே சொல்கிறாய். அதனால்தான் கடிதம். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ பதறாமல் மீதியைப் படிக்கலாம். வண்டியை விற்கவில்லை. அப்பா மறுபடி ஓட்ட ஆரம்பித்துவிட்டார். நீ சொன்னதைக் கேட்காமல் இல்லை அண்ணா, கோபப்படாதே, என்ன நடந்தது என்று முழுக்கப் படித்துவிட்டுச் சொல்.

அப்பாவின் வலது மணிக்கட்டில் நரம்பு அழுந்தி ஆபரேஷன் ஆனது வரைக்கும் உனக்குத் தெரியும். தையல் பிரித்தாகிவிட்டது, பிடிமானம் வந்துவிட்டது, ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு டாக்டர் ஓட்டலாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மட்டும் உணர்ச்சி இன்னும் சரியாகத் திரும்பவில்லை, மெல்ல மெல்லத்தான் வரும் என்றார். அந்தச் சமயத்தில்தான் நீ போனில், போதும்ப்பா, வண்டியை வித்துட்டு வீட்ல இருங்க, நான் பார்த்துக்கறேன் என்று சொன்னாய். அப்பா உடனே ம் என்றார். இத்தனை வருஷம் வாடகை வண்டி ஓட்டினவர், காய்ச்சலிலும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர், ஒரு சொல்லில் ஒத்துக்கொண்டாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மகன் பேச்சுக்குக் கட்டுப்படுகிறார் என்று நினைத்தேன். அது இல்லை. இதை எழுதலாமா என்று இப்போது அவரிடமே கேட்டேன். எழுது, அவனுக்கும் தெரியட்டும் என்றார்.

சனிக்கிழமைதோறும் பேங்கில் வேலை பார்க்கும் ஒரு அக்காவையும் அவர் மகளையும் அப்பா நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போய் வருவாரே, அந்தக் குட்டிக்கு அப்பா வைத்த பெயர் சிட்டு. போகும்போது வாயே மூடாது, வரும்போது தலை ஈரம் காய்வதற்குள் தூங்கிவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா போன முதல் சனிக்கிழமை திரும்பி வரும்போது திடீரென்று மழை. பின் கண்ணாடி இறங்கியிருந்தது. நம் வண்டியில் கண்ணாடி ஏற வேண்டுமானால் ஸ்விட்சை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அப்படியே நின்றுவிடும். அப்பா தன் பக்கத்து ஸ்விட்சைத் தூக்கினார். சிட்டு மழையைத் தொட்டுப் பார்க்கக் கண்ணாடி விளிம்பில் விரல் வைத்திருந்தது அவருக்குத் தெரியவில்லை. அந்த அக்கா அலறியதும் அப்பா விரலை எடுத்துவிட்டார். அதாவது எடுத்துவிட்டதாக நினைத்தார். கண்ணாடி நிற்கவில்லை. குனிந்து பார்த்தால் விரல் ஸ்விட்சின் மேலேயே இருக்கிறது, அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியவே இல்லை. இடது கையால் வலது கையைத் தள்ளிவிட்டுக் கண்ணாடியை இறக்கியிருக்கிறார். குழந்தைக்கு விரல் சிவந்ததோடு போயிற்று, எலும்புக்கு ஒன்றுமில்லை, மறுநாளே விளையாட ஆரம்பித்துவிட்டதாம். அப்பாவுக்குத்தான் ஒன்றும் சரியாகவில்லை. அந்த அக்கா போன் செய்தால் எடுப்பதில்லை. வண்டியைத் துணி போட்டு மூடிவிட்டார். நீ விற்கச் சொன்னபோது அவருக்கு அது ஒரு வழியாகத் தெரிந்திருக்கிறது. இதையெல்லாம் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பதாக ஏற்பாடு ஆன பிறகுதான் அம்மா என்னிடம் சொன்னாள். அவர் வண்டியை விற்கவில்லை, தன்னைத்தானே தண்டித்துக்கொள்கிறார் என்றாள்.

அம்மா வேலைக்குப் போகும் இடத்தில் என்ன செய்கிறாள் என்று நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. வண்டிக்குள் ஓடும் ஒயர்களைச் சேர்த்துக் கட்டுகிற தொழிற்சாலை, சம்பளம் ஒழுங்காக வருகிறது, அது தெரிந்தால் நமக்குப் போதுமாக இருந்தது. இப்போதுதான் உட்காரவைத்துக் கேட்டேன். கதவு அகலத்துக்கு ஒரு பலகை சாய்ந்து நிற்குமாம், அதில் நிறைய முளைகள், எந்த நிற ஒயர் எந்த முளையைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கோடு போட்டிருக்குமாம். பலகை பெல்ட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும், அது தன்னைத் தாண்டிப் போவதற்குள் தன் பங்கு ஒயர்களைப் போட்டு, சாக்கெட்டில் சொருகி, டேப் சுற்றிவிட வேண்டும். சொருகுவதற்கு அங்கே ஒரு முறை உண்டு. தள்ள வேண்டும், சொடுக்குச் சத்தம் கேட்க வேண்டும், பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்தும் வராவிட்டால்தான் அது உட்கார்ந்ததாக ஒத்துக்கொள்வார்கள். அம்மா டிபன் டப்பாவை மூடினால் மூடியை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பதும், கேட்டைத் தாழ் போட்டுவிட்டு இழுத்துப் பார்ப்பதும், நீ ஊருக்குக் கிளம்பிய அன்று உன் பெட்டிப் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன் என்று பூட்டையே கையோடு கழற்றிக்கொண்டு வந்து நின்றதும் நினைவிருக்கிறதா? சந்தேகப் பிராணி என்று எவ்வளவு கேலி செய்திருக்கிறோம். அது சந்தேகம் இல்லை அண்ணா, வேலை.

அந்தப் பலகையில் விலை கூடின வண்டிக்குப் போகிற கட்டு ஒன்று வருமாம். மற்றது எல்லாம் ஒன்றுதான், ஓட்டுகிறவர் கதவுக்குப் போகும் கிளையில் மட்டும் சில ஒயர்கள் கூடுதல். அம்மா வருஷக்கணக்காக அதைப் போட்டிருக்கிறாள், எதற்கு என்று கேட்டதில்லை. பெல்ட் ஓடும்போது யாரை நிறுத்திக் கேட்பது என்கிறாள். அப்பா கதை தெரிந்த மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் லைன் லீடர் அக்காவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அதுவா, ஸ்விட்சை ஒரு தரம் தொட்டுவிட்டால் போதும், கண்ணாடி தானே முழுக்க ஏறிவிடும், நடுவில் யார் விரலாவது மாட்டினால் நின்று தானே இறங்கிவிடும், அதற்குத்தான் அந்த ஒயர் என்று அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லியிருக்கிறார். அம்மா டப்பாவைப் பாதியிலேயே மூடிவிட்டாளாம். ஊரார் வீட்டுப் பிள்ளைகளின் விரலையெல்லாம் நான்தான் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன், என் வீட்டு வண்டியில் அது இல்லை பார் என்று என்னிடம் சொன்னபோது சிரித்தாளா அழுதாளா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

நேரே மெயின் ரோட்டில் வண்டி ஒயரிங் பார்க்கும் மாமாவிடம் போனாள், நானும் கூடப் போனேன். அவரைத் தெரியுமே, எதைக் கேட்டாலும் வோல்டேஜ் சரியா இருக்கா பாருங்க என்பார், வோல்டேஜ் மாமா. பழைய வண்டியிலும் அப்படிச் செய்வதற்கென்றே தனியாக ஒரு பெட்டி விற்கிறது, சோப்பு அளவுதான், நாலு கண்ணாடிக்குப் போகும் ஒயரும் ஓட்டுகிறவர் கதவு வழியாகப் போவதால் அந்த ஒரு கதவைப் பிரித்தால் போதும் என்றார். ஆனால் அவர் கையில் ஒரு லாரி இருந்தது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வர முடியாது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் வண்டி இருக்காது என்றாள் அம்மா. பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல், பெட்டியைக் குடுங்க, எப்படின்னு சொல்லுங்க, நானே போட்டுக்கறேன் என்றாள். அவர் சிரிக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது. ஒரு பழைய கதவைக் காட்டி, இது ஸ்விட்ச்சிலிருந்து வருவது, இது மோட்டாருக்குப் போவது, இரண்டையும் நடுவில் வெட்டிப் பெட்டிக்குள் விட வேண்டும், பெட்டிக்கு ஒரு பவர், ஒரு எர்த் என்று விளக்கினார். அம்மா ஒரே தரம் கேட்டுவிட்டு அப்படியே திருப்பிச் சொன்னாள், நிறத்தோடு சொன்னாள். மாமா டெஸ்டரையும் இரண்டு கருவிகளையும் கையில் கொடுத்து, கூடவே ஒரு பொட்டலம் பிளாஸ்டிக் கிளிப் கொடுத்தார். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றும்போது கிளிப் உடையும், உடையாவிட்டால் என் கடைக்கே வேலைக்கு வந்துவிடுங்கள் அக்கா என்றார். நாலு உடைந்தது. அதனால் அம்மா இன்னும் பழைய வேலையில்தான் இருக்கிறாள்.

அப்பாவிடம் சொன்னதும் எதற்கு என்றார். விற்கப் போகிற வண்டிக்கு என்னத்துக்கு இந்தக் கூத்து என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா விடவில்லை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அது நம்ம வண்டிதானே, நம்ம வண்டியில நான் என்ன வேணா பண்ணுவேன் என்று சொல்லிவிட்டுத் துணியை உருவி எறிந்தாள். காலையில் காபி குடித்த கையோடு ஆரம்பித்தாள். கைப்பிடிக் குழிக்குள் மறைந்திருந்த திருகை எடுத்து, அட்டையைச் சுற்றி நெம்பிக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பாதி உரித்ததும் அப்படியே நின்றுவிட்டாள். என்னம்மா என்றேன். உள்ளே கறுப்பு டேப் சுற்றிய ஒயர்க் கட்டு தெரிந்தது. இத்தனை வருஷமாகத் தான் செய்து அனுப்பியது கடைசியில் எங்கே போய் உட்காருகிறது என்று அவள் அன்றைக்குத்தான் முதல் தரம் பார்க்கிறாள். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நம்ம கம்பெனி கட்டு இல்லை, சுத்தினவ யாரோ இடது கைக்காரி, கடைசிக்கு வந்ததும் பெல்ட் முந்திடுச்சு போல, ஒரு சுத்து இழுத்து விட்டிருக்கா பாவம் என்றாள். தெரியாத ஊரில் இருக்கிற தெரியாத ஒருத்தியை, பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு அந்த விட்டுப்போன சுற்றையும் தானே சுற்றிவிட்டுத்தான் தன் வேலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு ஒயராக வெட்டி, முனை உரித்து, சொருகி, சத்தம் கேட்டு, இழுத்துப் பார்த்து. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் அண்ணா. அடுப்படியில் அவ்வளவு அவசரப்படுகிற கை, அங்கே ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. வெட்டின துண்டு ஒன்றுகூடத் தரையில் விழவில்லை, எல்லாம் அவள் மடியில் இருந்தது.

முடித்ததும் பெட்டிக்குக் கண்ணாடியின் மேல் எல்லையும் கீழ் எல்லையும் கற்றுக்கொடுக்க வேண்டும், முழுக்க ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். அதையும் செய்தாள். பிறகு ஸ்விட்சை ஒரு தட்டுத் தட்டினாள், கண்ணாடி தானாக நிதானமாக மேலே போய் நின்றது. பின்பக்கம் இரண்டும், பக்கத்து இருக்கை பக்கமும் அப்படியே. எனக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது, அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் தட்டவில்லை. அட்டையை மாட்டி, கிளிப் அடித்து, அப்பாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். அப்பா உட்கார்ந்து தன் பக்கத்து ஸ்விட்சைத் தொட்டார். கண்ணாடி ஏறியது, உச்சிக்குப் பக்கத்தில் போனதும் நின்று, கீழே வந்துவிட்டது. மறுபடி தொட்டார், மறுபடி அதே. அம்மா முகம் சுருங்கிவிட்டது. அட்டை ஒயரை எங்கேயோ நசுக்குகிறது என்று எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினாள். அட்டையைக் கழற்றி அவள் தட்டினால் ஏறுகிறது. மாட்டி அப்பா உட்கார்ந்தால் இறங்குகிறது. இப்படியே பகல் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்தாள், எல்லாம் கெட்டியாக இருந்தது. வாங்குகிறவர் வரும் நேரம் நெருங்கிவிட்டது. கடைசியில் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எனக்குப் பலகை மேல போட்டாத்தான் வரும், வண்டிக்குள்ள வராது போல என்றாள். அதைச் சொன்னபோது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, கையில் இருந்த டேப்பைப் பார்த்துச் சொன்னாள்.

அப்பா இருக்கையில் இருந்து எழுந்திருக்கவில்லை. இன்னொரு தரம் ஸ்விட்சைத் தொட்டார். கண்ணாடி போய்த் திரும்பி வந்தது, அதோடு ஒரு துண்டு நழுவி அவர் மடியில் விழுந்தது. தையல் போட்ட இடத்தில் வெயில் படக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, அப்பா உட்கார்ந்ததும் ஒரு தடித்த துண்டை மடித்துக் கண்ணாடி விளிம்பில் போட்டு, கண்ணாடியை ஏற்றி மேலே இறுக்கிக்கொள்வார், திரை மாதிரி தொங்கும். பழக்கத்தில் செய்கிறதால் அவருக்கே அது தெரியவில்லை, பார்த்துப் பழகினதால் எங்கள் கண்ணுக்கும் படவில்லை. அம்மா சோதிக்கும்போது துண்டு இல்லை, அவர் உட்கார்ந்ததும் துண்டு வந்துவிடுகிறது. அப்பா அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். துண்டு இல்லாமல் தொட்டார், முழுக்க ஏறியது. துண்டைப் போட்டுத் தொட்டார், இறங்கியது. அம்மா எழுந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள், காலையிலிருந்து இந்தத் துண்டுக்காகவா நான் நாலு தரம் கதவைப் பிரிச்சேன் என்றாள். அப்பா சிரிக்கவில்லை. துண்டை மறுபடி போட்டார், இந்த முறை ஸ்விட்சைத் தொட்டுவிட்டு விரலை எடுக்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டியும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார், நகம் வெளுக்கும் அளவுக்கு. கண்ணாடி மேலே போனது, துண்டைத் தொட்டது, நின்றது, அவர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் பிடித்தாலும் அது ஏறவில்லை, விரலை எடுத்து மறுபடி தொட்டால்தான் ஏறுகிறது.

அப்போது அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அவர் குரலை அன்றைக்குப் போல நான் கேட்டதில்லை. "என் விரலுக்குத் தெரியாதது இதுக்குத் தெரியுது" என்றார். அம்மா உள்ளே போய் ஒரு கேரட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை நாலு கண்ணாடியிலும் வைத்து வைத்துப் பார்த்தார்கள். கேரட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கடைசியில் பின் கண்ணாடியில், சிட்டு உட்காருகிற பக்கம், அப்பா தன் வலது கையையே உள்ளே கொடுத்துவிட்டு என்னை ஸ்விட்சைத் தொடச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அம்மா தொட்டாள். கண்ணாடி அவர் கையில் பட்ட இடம் அவருக்கே சரியாகத் தெரிந்திருக்காது, ஆனால் பட்ட மாத்திரத்தில் இறங்கியது. அம்மா உடனே அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு வழக்கப்படி விரல்களை ஒவ்வொன்றாக லேசாக இழுத்தும் பார்த்தாள். எல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்றார் அப்பா. அன்றைக்கு முதல் தரமாக இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வாங்குகிறவர் சொன்னபடி தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா டீ கொடுத்து, மன்னிக்கணும், விக்கறதா இல்ல என்று நேராகவே சொல்லிவிட்டார். மச்சானுக்குக் கோபம், முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை மிச்சமாயிருக்கும்ல என்றார். நியாயம்தான். ஆனால் வாங்க வந்தவர் அதற்குள் உள்ளே ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் தட்டித் தட்டி ஏற்றி இறக்கி விளையாட ஆரம்பித்துவிட்டார், இறங்கவே மனசில்லை. இது எந்தக் கடையில போட்டது என்று கேட்டதற்கு அப்பா, வீட்ல போட்டது என்றார். அவருக்குப் புரியவில்லை. தலையில் டேப் ஒட்டிக்கொண்டு டீ டம்ளரை எடுக்க வந்த அம்மாவை அப்பா கண்ணால் காட்டினார். அந்த மனிதர் எழுந்து நின்று கும்பிட்டார் அண்ணா. அம்மாவுக்கு எங்கே ஒளிவது என்று தெரியாமல் டம்ளரோடு சமையலறைக்குள் போனவள் அவர்கள் கிளம்பிப் போகிற வரை வெளியே வரவே இல்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்பாவுக்கு முடியவில்லை. மறுநாள் பேங்க் அக்காவுக்குத் தானே போன் செய்தார். அவர் போனில் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. விரல் மரத்துப்போயிருந்ததையும், எடுத்துவிட்டதாக நினைத்ததையும், இப்போது வண்டியில் என்ன போட்டிருக்கிறோம் என்பதையும் சொல்லிவிட்டு, உங்களுக்கு மனசு ஒப்பாவிட்டால் வேறு வண்டி வைத்துக்கொள்ளுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன், ஆனால் காரணம் தெரியாமல் நீங்கள் இருக்கக் கூடாது என்றார். அந்த அக்கா வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாராம். புதன்கிழமை பேங்க் முடிந்து வந்தார், குழந்தையைக் கூட்டி வரவில்லை. அம்மா தண்ணீர் கொடுத்தாள், வாங்கி வைத்துவிட்டு நேரே வண்டிக்குப் போய்ப் பின்னால், மகள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கி விளிம்பில் நாலு விரலை வைத்தார். போடுங்க என்றார். அப்பாவால் முடியவில்லை. கை ஸ்விட்ச் வரைக்கும் போகிறது, தொடவில்லை. கேரட் வைத்துக் காட்டட்டுமா என்று கேட்டார். "என் பொண்ணு கேரட் இல்லையே, போடுங்க" என்றார் அந்த அக்கா. கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா கதவுப் பக்கம் போய் அப்பாவின் தோளில் கை வைத்தாள். அப்பா தொட்டார். கண்ணாடி ஏறி, அந்த அக்காவின் விரலைத் தொட்டு, இறங்கியது. இன்னொரு தரம், விடாம பிடிச்சுக்கிட்டே போடுங்க என்றார். அப்படியும் இறங்கியது. அந்த அக்கா தன் விரல்களை விரித்துப் பார்த்தார், மற்ற கையால் ஒரு தடவு தடவினார். இறங்கி வந்து, வைத்திருந்த தண்ணீரைக் குடித்தார். யார் போட்டது என்று கேட்கவில்லை, அம்மாவின் கையில் இருந்த ஒயர் கீறல்களைப் பார்த்தே புரிந்துகொண்டார் போல, அம்மாவிடம்தான் சொன்னார், சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு அனுப்புங்க, அவ வண்டித் தாத்தா எங்கன்னு தினமும் உயிரை வாங்கறா என்றார். அப்பா வண்டியைவிட்டு இறங்காமலே இருந்தார். நாங்களும் கூப்பிடவில்லை.

அண்ணா, நீ சொன்னது எங்கள் மேல் உள்ள பாசத்தால் என்று மூன்று பேருக்கும் தெரியும். உன் சுமையைக் கூட்ட வேண்டாம் என்றும் அப்பா சொல்கிறார், அவருக்குத் தெம்பு இருக்கும்வரை ஓட்டட்டும், இல்லை என்றால் அவரே சாவியை வைத்துவிடுவார், அவரைத் தெரியாதா. விரல் உணர்ச்சி திரும்புகிறதா என்று டாக்டரிடம் காட்டிக்கொண்டே இருக்கிறோம், ஆள்காட்டி விரலில் இப்போது சூடு தெரிகிறது என்கிறார், டீ டம்ளர் வைத்துத்தான் கண்டுபிடித்தார். அம்மா சொல்வது: குளிர்க் கிடங்கில் பெட்டி தூக்கும்போது கையுறையைக் கழற்றாதே, அவசரம் என்று இரும்புக் கதவில் வெறுங்கையை வைக்காதே, விரல் மரத்துப்போகிற மாதிரி இருந்தால் அன்றைக்கே சொல், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதே. ராத்திரி வேலை என்றால் பகலில் திரை போட்டுத் தூங்கு. கூட இருக்கிற பையன்களோடு சண்டை வேண்டாம், பாத்திரம் யார் கழுவுவது என்பதற்கெல்லாம் ஒரு சண்டையா என்று கேட்கச் சொல்கிறாள். அப்பா சொல்வது: அம்மா செய்ததை உன் நண்பர்களிடம் சொல். இதை அம்மா எழுதாதே என்கிறாள், அப்பா எழுது என்கிறார், நான் எழுதிவிட்டேன்.

நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நல்லவர்கள் நடுவில், நிம்மதியாகத் தூங்குகிறவனாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் உன் தலையில் கை வைத்து வாழ்த்துகிறார்கள். கைக்கு எட்டாத தூரம் என்றாலும் வைத்ததாகவே எடுத்துக்கொள். கம்பளிச் சட்டைக்குப் பதிலாக உனக்கு ஒரு பொருள் அனுப்புகிறோம், என்னவென்று கேட்காதே. விலாசம் மாறியிருந்தால் உடனே எழுது, மறந்துவிடாதே. இன்று சனிக்கிழமை. இன்னும் எழுத நினைத்தேன், ஆனால் அப்பா சட்டைப் பித்தானை இடது கையால் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார், கடிதத்தைக் கொடு, சிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் நானே தபாலில் போடுகிறேன், அந்தக் குட்டியைக் காக்கவைக்க முடியாது என்கிறார். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார், இதை வண்டி ஜன்னல் வழியாகத்தான் கொடுக்கப் போகிறேன்.

அப்பா, அம்மா ஆசியுடன்,
உன் தங்கை